கடுங்காப்பி நாளும் டீசல் வண்டியும்

டிசம்பர் 12

உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. பதினொரு மாதமாக கேஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர இதில் நான் ஒன்றும் எழுதியதில்லை. இன்று முதல் எழுதப்போகிறேன். வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவர் டீசல் வண்டிக்கு வக்கீல், இன்னொருவன் பெட்ரோல் வண்டிக்கு வக்கீல். வக்கீல் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கினால் கொண்டை ஊசி வளைவில் நின்று கைகாட்ட வேண்டியதுதான். எழுத்தில் இருந்தால் யாரும் பேச்சை மாற்ற முடியாது.

கோத்தகிரி மலையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் வாங்கிக் கீழே அனுப்புவது என் தொழில். பஸ் மேல் கூடை ஏற்றி ஆரம்பித்தது. இன்று என் பெயரைச் சொன்னால் மேட்டுப்பாளையம் மண்டியில் இடம் விடுவார்கள். எங்களுக்கு ஒரு டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது, ஏழு வயது. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி. போன வாரம் இரண்டு நாள் லோடு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டால், "குளிருக்கு வண்டி எந்திரிக்கல" என்கிறார்.

என் தம்பி தனபால் இதற்காகவே காத்திருந்தவன் போல, தெரிந்தவர் ஒருவருடைய பெட்ரோல் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டான். நான்கு வயது வண்டி. பொங்கல் வரைக்கும் வாடகைக்கு ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். ஷெட்டில் நிரந்தரமாக நிற்க ஒரு வண்டிக்குத்தான் இடம். பெட்ரோல் வந்தால் டீசலை விற்றுவிடுவேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

தனபால் சிரித்தான். வீட்டுக்காரர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போய் வண்டியைத் துடைத்தார்.

ஏற்பாடு இதுதான். முந்தின சாயங்காலமே இரண்டு வண்டியிலும் லோடு ஏற்றி வைக்க வேண்டும். காலை நாலரைக்கு இரண்டும் கிளம்ப வேண்டும். டீசல் காரமடை மில் கேன்டீனுக்கு, பெட்ரோல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு. ஆறு மணிக்கு இறக்கியிருக்க வேண்டும். ஷெட், வீட்டிலிருந்து எழுபது படி கீழே, ரோட்டோரம். நான் இறங்கிப் பார்க்கப்போவதில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து போன் வரும், அதை எழுதுவேன்.

டிசம்பர் 13

பெட்ரோல் 5.41. டீசல் 5.56. கோளாறு இல்லை.

டிசம்பர் 14

பெட்ரோல் 5.40. டீசல் 5.57.

சாயங்காலம் வீட்டுக்காரர், கதவில் தொங்கிய என் ரெயின்கோட்டைப் பார்த்து "வா தனபால், உக்காரு" என்றார். தூக்கக் கலக்கம். இந்த வயதில் நாலு மணிக்கு எழுவது லேசு அல்ல.

டிசம்பர் 15

கடுங்காப்பி. கீழேயிருந்து பாக்கெட் பால் கொண்டுவரும் வேன் இன்று வரவில்லை, டயர் வெடித்துவிட்டதாம். பால் இல்லாத காப்பி குடித்தால் எனக்கு அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வரும்.

வந்தது. டீசல் காரமடை போய்ச் சேர்ந்தது 7.20.

"குளோ பிளக் சூடாகலீங்க அம்மணி" என்கிறார் வீட்டுக்காரர். டீசல் எஞ்சினுக்கு மெழுகுவத்தி மாதிரி உள்ளே ஒன்று சூடாக வேண்டுமாம், இல்லாவிட்டால் குளிரில் பற்றாதாம். பெட்ரோலுக்கு அது வேண்டாம், சாவியைத் திருப்பினால் எழுந்துவிடும். இதை தனபால் எனக்கு மூன்று முறை விளக்கினான். மூன்றாவது முறை மாமன் காதில் விழும்படி.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. கோலம் போட்டுவிட்டு மெக்கானிக் மைதீன் பாயை வரச்சொன்னேன். அரை மணி நேரம் டீசல் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"பிளக் நாலும் நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. பேட்டரி புதுசு. இது ஏன் எந்திரிக்கலைன்னு எனக்கே தெரியல."

"உங்களுக்கே தெரியலீன்னா எதுக்குங்க பாய் ஏழு வருசமா கூலி குடுக்கறேன்?"

"தெரிஞ்ச கோளாறுக்குத்தானுங்கக்கா கூலி வாங்கிருக்கேன்."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். இருந்தாலும் புது பிளக் போடச் சொன்னேன்.

பெட்ரோலுக்கும் ஒரு குறை எழுதியாக வேண்டும். கீழேயிருந்து வெங்காயமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு மேலே வருகையில் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்குகிறது. தனபால் முதல் கியரிலேயே ஏறி வந்திருக்கிறான். "அதே லோடு போட்டா என்ற வண்டி ரெண்டாவது கியர்ல பாட்டுப் பாடிட்டு ஏறும்" என்றார் இவர்.

"காலைல எந்திரிச்சாத்தான மாமா பாட்டு!"

டிசம்பர் 18

இரண்டும் நேரத்துக்கு. பேப்பர் போடுகிறவனை நிறுத்திவிட்டேன். இவர் இரண்டு மாதமாகப் பேப்பரைத் தொடுவதே இல்லை. "அத்தனையும் பொய்யி" என்கிறார். மிச்சம்தான்.

டிசம்பர் 19

பெட்ரோல் 5.50, டீசல் 5.59. காட்டெருமைக் கூட்டம் ரோட்டில் நின்றுவிட்டதாம். தனபால் ஹாரன் அடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பின்னால் வந்தது டீசல். அந்தச் சத்தத்துக்குக் காட்டெருமைகள் தாமாக ஒதுங்கிவிட்டன. பெட்ரோல் எஞ்சின் ஓடுவது அவற்றுக்கே கேட்கவில்லை போலிருக்கிறது.

இதை எந்தக் கம்பெனிக்காரனும் விளம்பரத்தில் போடமாட்டான். டீசலுக்கு ஒரு மார்க்.

டிசம்பர் 21

கடுங்காப்பி. டீசல் 7.25.

எட்டு மணிக்கு கேன்டீன் கான்ட்ராக்டர் கொழந்தவேலு போன்.

"ஏனுங்க்கா, ஆயிரத்தி எரநூறு பேருக்கு சாம்பார் வெக்கோணும். உங்க பீன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள இங்க ஷிப்டே மாறிப்போவுது."

"வண்டி மக்கர் பண்ணிப்போச்சுங்க தம்பி. புது பிளக்கு போட்டாச்சு."

"பிளக்கத் திங்க முடியுமாங்க்கா? வர்ற தை மாசம் என்ற கையில பதினோரு முகூர்த்தம் இருக்குது. மார்கழில நேரத்துக்கு வர்றவிங்களுக்குத்தான் தை. அன்னூர்க்காரர் ஒருத்தர் தெனமும் போன் பண்ணிட்டே இருக்கறாரு. சொல்லிப்போட்டேன்."

பதினோரு கல்யாணச் சமையல் என்றால் எனக்கு அரை வருஷ வியாபாரம். வீட்டுக்காரர் மதியம் ஏறி வந்ததும் ஒரு மூச்சு கத்தினேன். "அந்த ஓட்ட வண்டிய வித்துத் தொலைக்கிறேன் பாருங்க" என்றேன். இந்த மனுஷர், வண்டியை ஒரு வார்த்தை சொன்னால் மூன்று நாள் பேசமாட்டார். ஏனோ இன்று தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டார். அதையும் குடித்தார்.

டிசம்பர் 22

தனபால் எனக்குத் தெரியாமல் மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டிருக்கிறான். இலையில் மடித்த இரண்டு பொட்டலம், சிவப்புப் பூ டீசலுக்கு, வெள்ளைப் பூ பெட்ரோலுக்கு. பூசாரி எடுத்தது வெள்ளை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறான்.

வீட்டுக்காரர் மதியமே கரியகாளி கோயிலுக்குப் போய் அவர் பங்குக்குக் கேட்டார். சிவப்பு.

சாமிகளுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. டைரிதான் சரி.

டிசம்பர் 24

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பெட்ரோல் கிளம்பவே இல்லை. எலி வயரைக் கடித்துவிட்டது. அந்த வண்டிக்கு வயர் ஒன்று போனால் மூளையே போய்விடுமாம், மைதீன் பாய் கையை விரித்து, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார். தனபால் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு லோடையும் டீசலே ஏற்றிக்கொண்டு போனது. காரமடை 5.58. நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி போனாலும் போய்ச் சேர்ந்தது. மாமனாகப்பட்டவர் மதியம் வந்து தனபால் முதுகில் தட்டி, "எலிக்குப் பூப்போட்டுக் கேட்டிருக்கோணும்டா" என்றார். வெகு நாளைக்கப்புறம் வீட்டில் சிரிப்பு.

டிசம்பர் 25

பால் வேன் ஓட்டுகிற சகாயம் கிறிஸ்துமஸ் லீவு. மாற்று ஆள் எட்டு மணிக்குப் பால் கொண்டுவந்தான். அதுவரை கடுங்காப்பி.

டீசல் 7.30. நேற்று இரண்டு லோடு இழுத்த வண்டி இன்று ஒரு லோடுக்கு எழவில்லையாம்.

கொழந்தவேலு போன் பண்ணவில்லை. கத்தினால் பரவாயில்லை. கத்தாமல் இருப்பதுதான் பயம்.

டிசம்பர் 26

யோசித்தேன். மண்டியில் ஒரு தராசின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? மூட்டையைத் தட்டு மாற்றி வைப்போம். எடை மாறினால் தப்பு தராசில், மாறாவிட்டால் தப்பு மூட்டையில்.

நாளையிலிருந்து டீசலைத் தனபால் ஓட்டட்டும், பெட்ரோலை இவர் ஓட்டட்டும் என்று சொன்னேன். லோடும் அப்படியே. கேன்டீனுக்கு டீசல், மண்டிக்கு பெட்ரோல்.

"அந்தப் பொம்மை வண்டிய நான் ஓட்ட மாட்டேன்" என்றார் இவர்.

"அந்தக் கெழட்டு வண்டிய நான் தொடமாட்டேன்" என்றான் அவன்.

"அப்ப ரெண்டு பேரும் வீட்டுல இருந்து பீன்ஸ் ஆய்ங்க, நான் வேற டிரைவரப் பாத்துக்கறேன்" என்றேன். அடங்கினார்கள்.

டிசம்பர் 27

டீசல் (தனபால்) 5.38. பெட்ரோல் (இவர்) 5.54.

டிசம்பர் 29

டீசல் 5.40. இன்றைக்கு வெளியில் வைத்த தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது, அத்தனை குளிர். ஒரே சாவியில் எழுந்துவிட்டதாம். சொல்லும்போது தனபாலுக்கே வெட்கம். "புது பிளக்கு போட்டதாலக்கா" என்கிறான். இருபத்தைந்தாம் தேதியும் அதே பிளக்குதான் இருந்தது.

டிசம்பர் 31

கடுங்காப்பி. சகாயம் வேன் பஞ்சர்.

டீசல் 5.39. பெட்ரோல் (இவர்) 7.15.

"பெட்ரோலும் குளிருக்கு எந்திரிக்கலீங்க அம்மணி. எந்த வண்டியும் இந்த மலைக்கு ஆவறதில்ல."

தனபால் வாயைத் திறந்தான். நான் முறைத்ததும் மூடிக்கொண்டான். டைரியில் இத்துடன் பக்கம் தீர்ந்தது.

ஜனவரி 1

புது டைரி இன்னும் யாரும் தரவில்லை. பழைய டைரியின் முன்பக்கங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன, கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பால் வந்தது. நல்ல காப்பி போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். இவர் தாமதமான நாள் நான்கு: பதினைந்து, இருபத்தொன்று, இருபத்தைந்து, முப்பத்தொன்று. நான்கிலும் நான் முதலில் எழுதியிருப்பது கடுங்காப்பி அல்லது பால் வரவில்லை.

பால் இல்லாத காப்பியைக் குடித்து இவருக்கு வண்டியெடுக்கத் தெம்பு வரவில்லையா என்றுகூட நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்பது மணிக்கு சகாயத்துக்குப் போன் போட்டேன். புத்தாண்டு வாழ்த்து சொல்லிவிட்டு, எங்க வீட்டுக்காரரை வழியில் பார்ப்பதுண்டா என்றேன்.

"பாக்கறதா? அண்ணன் தெனமும் எம் பொறத்தாலயேதானுங்கம்மா வருவாரு. நாலரைக்கு நான் பால எறக்கிட்டுத் திரும்புனா, ஷெட்டுலேர்ந்து வண்டிய எடுத்துட்டு ஒட்டிக்குவாரு. ஓவர்டேக்கே பண்ண மாட்டாரு. நான் டீக்கு நிறுத்துனா அவரும் நிறுத்துவாரு. அவ்வளவு மரியாதை."

"அப்படியா."

"போன மாசம் எம் பின்னாடி செவப்பு லைட்டு ரெண்டும் பியூஸாயிருச்சு. நானே கவனிக்கல. அண்ணன்தான் பல்பு வாங்கியாந்து மாட்டிவிட்டாரு. காசும் வாங்கல. இந்தக் காலத்துல யாருங்கம்மா அப்படி?"

யாரும் இல்லைதான்.

போனை வைத்துவிட்டு டைரியை மறுபடி புரட்டினேன்: ரெயின்கோட், பேப்பர், ரசத்தில் சர்க்கரை. காப்பி ஆறிப்போனது.

ஜனவரி 2

இன்று காலை இவரை வண்டி எடுக்கவிடவில்லை. "பெட்ரோலுக்கு ஆயில் மாத்தோணும், நீங்க எறங்க வேண்டாம்" என்றேன். தனபாலே இரண்டு நடை போனான். மண்டி லோடு தாமதம், ஏச்சு வாங்கினேன். பரவாயில்லை.

ஆனாலும் ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வரும் வழக்கம் எனக்குக் கிடையாது.

ஜனவரி 3

முந்தின பக்கத்தில் கொட்டை எழுத்தில் இப்படி எழுதினேன்: "டீசல் வண்டி ஒரு சாணி மூட்டை. அதைவிட என் தம்பியின் தலைமயிர் நம்பகமானது. பழைய இரும்புக்குப் போட்டால் ஒரு அண்டா கிடைக்கும்."

டைரியை இவர் மடியில் வைத்து, "கணக்கு சரியா இருக்குதான்னு சித்த பாருங்க" என்றேன்.

கண்ணாடியை மாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்தைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். விரலை வரிவரியாக ஓட்டினார். ஏதோ யோசிப்பவர் போல மோவாயைத் தடவினார்.

"சரியாத்தான் எழுதியிருக்கற" என்றார். "நீ எழுதுனா தப்பா இருக்குமா?"

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே கழுவினேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

ஜனவரி 4

கண்ணில் புரை என்றால் இந்தக் காலத்தில் அரை மணி நேர வேலை. என் பெரியம்மாவுக்குக் காலையில் செய்தார்கள், மத்தியானம் சீரியல் பார்த்தாள். அதைச் சொல்ல இவருக்கு என்ன?

என்ன என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினவர். பெரிய படிப்பு, நிலம், சொத்து ஒன்றும் கிடையாது. "ஆறுச்சாமி கையில ஸ்டீரிங் இருந்தாத் தூங்கலாம்" என்று மலை முழுக்கப் பேர். அது ஒன்றுதான் அவர் சம்பாதித்தது. கண் தெரியவில்லை என்று ஒரு முறை வெளியே வந்தால், அப்புறம் கண் சரியானாலும் ஊர் நம்பாது என்று நினைக்கிறார். நான் நம்பமாட்டேன் என்றும் நினைக்கிறார் போல. அதுதான் எனக்குச் சுடுகிறது.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேன் வராத நாளில் இருட்டில் வண்டியை எடுக்கவில்லை. விடியும்வரை ஷெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். லோடு போனாலும் போகட்டும், வியாபாரம் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். வேறொருத்தனாக இருந்தால் முருகா என்று எடுத்துப் பள்ளத்தில் விட்டிருப்பான்.

ஆனால் வாயில்லாத வண்டியின் மேல் பழியைப் போட்டாரே!

ஜனவரி 6

சொல்லட்டும் என்று வாய்ப்புக் கொடுத்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு உடம்புல எதாச்சும் தொந்தரவு இருக்குதா?"

"கல்லு மாதிரி இருக்கறேன்."

"தலைவலி, மூட்டு வலி, கண்ணுல..."

"கண்ணுக்கென்ன? பருந்துக் கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்தவர், என் செருப்பில் ஒன்றும் அவர் செருப்பில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பகல் நேரம், கைப்பிடிச் சுவர் இருக்கிறது, கூப்பிடவில்லை.

காலை நடை இரண்டையும் தனபாலே போகிறான். இவருக்குப் பகல் நடை மட்டும், அதுவும் தனபால் ஓட்ட இவர் பக்கத்தில். காலையில் இவரை எழுப்புவதில்லை. ஏன் என்று இவரும் கேட்கவில்லை.

ஜனவரி 8

மைதீன் பாயைக் கூப்பிட்டுக் காதோடு பேசினேன். அவருடைய மச்சினன் காதர் அவிநாசியில் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். நாளை மறுநாள் வந்து டீசலை விலை கேட்பது போல ஒரு நாடகம் போட வேண்டும், வண்டியைக் கண்டபடி குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு மூட்டை கேரட் தருவதாகச் சொன்னேன்.

"எதுக்குங்கக்கா இதெல்லாம்?"

"தெரிஞ்ச கோளாறு பாய். அதுக்குத்தான் கூலி."

ஜனவரி 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் காதர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச். ஷெட்டில் நான், தனபால், மைதீன் பாய். இவர் வண்டியின் கதவில் சாய்ந்து நின்றார். நேற்றே சொல்லிவிட்டேன், வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது என்று. ராத்திரி சாப்பிடவில்லை.

காதர் நல்ல நடிகர். டயரை உதைத்தார். கதவைச் சாத்தி, மறுபடி திறந்து சாத்தினார். "ஏழு வருசமா? பதினேழுன்னுல்ல சொல்லோணும்" என்றார்.

டார்ச்சை அடித்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"காலைல ஸ்டார்ட்டே ஆகாதாமே. மலைக்காட்டுல ஸ்டார்ட் ஆவாத டீசல் வண்டிய எவன் வாங்குவான்? பார்ட் பார்ட்டாக் கழட்டித்தான் விக்கோணும். எஞ்சின் மண்ணு. சேசிஸ் எடைக்குப் போகும்."

இவர் கை வண்டியின் பானட் மேல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். விற்றால் விற்கட்டும் என்று விட்டுவிடுவாரோ என்று அந்த ஒரு நிமிஷம் பயந்துபோனேன். அப்படி விட்டுவிட்டால் இந்த மனுஷரை எனக்குத் தெரியவே தெரியாது என்று ஆகிவிடும்.

"அக்கா, எடைக்குன்னா இந்த வெலைதான்" என்று காதர் நான்கு விரலைக் காட்டினார். நான் சரி என்பது போல சாவியை நீட்டினேன்.

"நிறுத்துங்க!"

எங்கள் ஷெட்டின் தகரமே அதிர்ந்தது.

"எதுக்குய்யா கழட்டறது? இந்த வண்டி ஏழு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னை வழில நிறுத்துனதில்ல. எந்தக் குளிருலயும் சாவியத் திருப்புனா எந்திரிக்கும். வண்டி மேல தப்பில்ல."

"அப்ப யாரு மேலண்ணே தப்பு?" காதர் அதை மட்டும் உண்மையாகவே கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். நான் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தூணைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மணி, எனக்கு இருட்டுல கண்ணு தெரியறதில்ல. எதுக்க லைட்டு வந்தா வெள்ளையா ஊத்திக்குது. ஐப்பசிலேர்ந்தே இப்படித்தான். பால் வேன் பொறத்தால போனாப் போயிருவேன். அது இல்லீன்னா விடியறவரைக்கும் இங்கயே உக்காந்துக்குவேன். வண்டிய விக்காத. நா வேண்ணா வீட்டுல இருந்துக்கறேன்."

தனபால் மூக்கை உறிஞ்சினான். மைதீன் பாய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் தூணிலிருந்து நகர்ந்து வந்தவள் போல அவர் முன்னால் போய் நின்றேன். "இதச் சொல்றதுக்கு ரெண்டரை மாசமா?" என்றேன். வேறு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை.

"நீ நேரத்துக்குப் போவாத எதையும் வெச்சுக்க மாட்டியே" என்றார்.

உண்மை. மண்டியில் பெருமையாக நானே சொல்லிக்கொள்வதுதான்.

"வண்டியத்தானுங்க சொன்னேன்" என்றேன் கடைசியில்.

காதர் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, வண்டி அத்தனை சுத்தம்னா நான் நெசமாவே எடுத்துக்கறேன். நாலு விரல் வேண்டாம், ஆறு வெச்சுக்கங்க."

நாடகம் முடிந்துவிட்டது என்று அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஏழு வரை போனார். என் மனசு ஏழில் ஒரு நொடி நின்றது. மறைப்பானேன், நான் வியாபாரி. அதற்குள் இவர் சாவியை என் கையிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேரட் மூட்டை இரண்டாகக் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 12

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் இந்த மாதக் கடைசி, மற்றதுக்குப் பத்து நாள் கழித்து. டாக்டர் அம்மா, "இந்தக் கண்ணோட என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். இவர், "காய்கறி வியாபாரமுங்க" என்றார்.

ஜனவரி 14

பொங்கல். தீர்ப்பு சொல்ல வேண்டிய நாள்.

பெட்ரோல்: குளிரில் முதல் சாவியில் எழுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. மேட்டில் லோடோடு மூச்சு வாங்குகிறது. எரிபொருள் குடிக்கிறது. எலி ஒன்று போதும் அதைப் படுக்கவைக்க. எழுப்பக் கோயம்புத்தூர் ஆள் வர வேண்டும்.

டீசல்: குளிரிலும் முதல் சாவியில்தான் எழுகிறது. எத்தனை ஏற்றினாலும் இழுக்கிறது. காட்டெருமை ஒதுங்குகிறது. மைதீன் பாயே பார்த்துக்கொள்ளலாம். கோளாறு: இல்லை.

கொழந்தவேலுக்குப் போன் போட்டேன். ஜனவரியில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை என்று அவரே சொன்னார். தாமதமான நான்கு நாளுக்கும் காரணத்தை மறைக்காமல் சொன்னேன்.

"கண்ணு தெரியலீன்னதும் வண்டிய எடுக்காம உக்காந்துட்டாரா?"

"ஆமாங்க தம்பி."

"என்ற பீன்ஸுக்காக எடுக்கலியே, நல்லதாப்போச்சு. தை உங்களுக்குத்தானுங்க்கா. ஆனா வண்டி ரெண்டு வேணும். பதினோரு முகூர்த்தம்."

ஆகவே இரண்டும் இருக்கும். எலி கதையை இரண்டு முறை சொல்லிப் பெட்ரோல் வண்டியின் விலையைக் குறைத்தேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தகரம் இறக்குகிறோம். காலை நடைக்கு டீசலில் தனபால், பெட்ரோலுக்குப் புது டிரைவர்.

ஜனவரி 15

டீசல் 5.52.

இவர் விடவில்லை, தனபால் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறார். காரமடையிலிருந்து தனபால் போன்: "அக்கா, மாமாவுக்குக் கண்ணுதான் தெரியல, வாய் நல்லாத் தெரியுது. நாப்பது கிலோமீட்டரும் 'கியர மாத்து, கியர மாத்து'ன்னு. எஞ்சின் சத்தத்த வெச்சே சொல்றாரு. அதுவும் சரியாச் சொல்றாரு, அதான் எரிச்சலாருக்குது."

ஜனவரி 30

வலது கண் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மண்டிக்கு வருவேன் என்று அடம்.

பிப்ரவரி 11

இடது கண் ஆயிற்று. ஒன்பதாவது கல்யாணத்துக்கு முட்டைக்கோஸ் போதவில்லை.

மார்ச் 4

டாக்டர் அம்மா வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். பகலில் மட்டும், முதல் ஒரு மாதம்.

இவர் வீட்டுக்குக்கூட ஏறவில்லை. நேராக ஷெட்டுக்குப் போனார். நானும் தனபாலும் பின்னாலேயே போனோம். டீசல் வண்டியின் முன்னால் நின்று சிரித்தார். வலது பக்கமாகச் சுற்றினார், பின்பக்கம் போனார், இடது பக்கம் வந்தார். நின்றுவிட்டார்.

குனிந்தார். விரலால் தடவினார்.

"ஏ அம்மணி, இந்தப் பக்கம் பூரா கீறிக் கெடக்குது. கதவுல, டேங்க் கிட்ட, பொறத்தால. ஷெட்டுத் தூணுல ஒரசுன மாதிரி. பத்துப் பதினஞ்சு எடத்துல! எவன் பண்ணுன வேலை இது?"

தனபால் என்னைப் பார்த்தான். நான் தனபாலைப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று அவன் உதடு அசைந்தது.

"தனபாலு," என்றேன், "தூணு இருக்கறது தெரியாமயா வண்டி எடுப்ப?"

"தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க மாமா."

இடது பக்கத்தை எப்படி அளந்து எடுப்பது, கண்ணாடியில் எதைப் பார்ப்பது, தூணுக்கும் வண்டிக்கும் எத்தனை விரல் இடம் விடுவது என்று இவர் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கடைசியில், "ஓட்டறவனுக்குக் கண்ணு முக்கியம்டா" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றான் தனபால்.

அவனுக்கு ராத்திரி ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்துப் போட்டேன்.